விலகல் கடிதமும் வரவு இடாப்பும்

2022 ஜூன் மாதத்தில் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அரச ஊழியர்கள் விரும்பினால் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு செல்லலாம், உள்நாட்டிலும் வேறு தொழில் பார்க்கலாம், சேவை மூப்புக்கோ ஓய்வூதியத்துக்கோ பாதிப்பு வராது என்பது அதன் சாரம். அப்போது நாட்டில் டொலர் இல்லை. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. சம்பளச் செலவைக் குறைக்கவும் வெளிநாட்டுப் பணத்தை உள்ளே கொண்டுவரவும் அரசு கண்ட வழி அது. சுற்றறிக்கையின் பிரதி ஒன்று எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அங்கே ஒரே பேச்சுத்தான். இருக்கிறதா, போகிறதா?

நான் முல்லைத்தீவு மாவட்டத்தின் கிராமத்துப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து இருபது வருடம் ஆகப்போகிறது. இந்தத் தொழிலில் எனக்கிருந்த மகிழ்ச்சி குறைந்துபோய் நீண்ட நாட்களாகிவிட்டன. 2021இல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி நாடெங்கும் ஆசிரியர்கள் மூன்று மாதத்துக்கு மேல் இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்தோம். கிடைத்த கொஞ்சத்தையும் அடுத்த வருடத்து விலைவாசி விழுங்கிவிட்டது. படிப்பிக்கும் நேரத்தைவிடப் படிவம் நிரப்பும் நேரம் கூடிவிட்டது. இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தால் பதில் வராது. நேரில் போய்க் கேட்டால் கோப்பு எப்போதும் வேறொரு மேசையில்தான் இருக்கும்.

கட்டாரிலிருக்கும் மச்சான் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு அழைப்பார். "மாஸ்டர், இன்னும் அந்தச் சோக்குக்கட்டியைத்தான் பிடிச்சுக்கொண்டு இருக்கிறீங்களா? இங்க ஸ்டோர் கீப்பர் வேலை ஒண்டு இருக்கு. ரெண்டு வருஷத்தில வீட்டைக் கட்டி முடிச்சிடலாம்" என்பார். அவர் சொல்வதில் பொய்யில்லை. மனைவி மட்டும், "இஸ்திகாரா தொழுதுட்டு யோசிங்க" என்றாள்.

தொழுதேன். தொழுத பின்னும் யோசிக்க வேண்டிய பொறுப்பு என்னிடமே இருந்தது. இதே கேள்விக்கு முன்னால் எனக்கு முந்தியவர்கள் எப்படி நின்றார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். அப்படிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

இலங்கையில் அரச உத்தியோகத்தை உதறிவிட்டுப் போனவர்களில் உலகறிந்தவர் லெனாட் வூல்ஃப். 1904 டிசம்பரில் சிவில் சேவை அதிகாரியாகக் கொழும்பில் வந்திறங்கினார். அடுத்த மாதமே யாழ்ப்பாணக் கச்சேரிக்கு அனுப்பப்பட்டார். வோல்டயரின் நூல் தொகுதிகளும் ஒரு நாயும் கூட வந்தன. அந்நாட்களில் அவர் தமது நண்பர் லிற்றன் ஸ்ட்ரேச்சிக்கு எழுதிய கடிதங்களில் சலிப்பும் விரக்தியும் நிறைந்திருக்கின்றன. 1906இல் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்டார். அரேபியக் குளிகாரரும் இரு கரைகளையும் சேர்ந்த தமிழ் பேசும் முஸ்லிம் குளிகாரரும் அங்கே கடலில் மூழ்கியெழும்பினார்கள். அழுகும் சிப்பியின் நாற்றத்துக்கு நடுவில் அவர் அரசாங்கத்தின் பங்கை எண்ணிக்கொண்டிருந்தார். மரிச்சுக்கட்டி என்ற பெயர் 1990க்குப் பிறகு நம்மவர்களுக்கு வேறு காரணத்துக்காகவும் பழக்கமானது.

1908இல் வூல்ஃப் அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபரானார். உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு மக்களை இன்னொரு மக்கள் ஆளுவது சரிதானா என்ற சந்தேகம் அவருக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. 1911 மேயில் லீவில் இங்கிலாந்து போனார். அடுத்த வருடம் லீவை நீடிக்கக் கேட்டபோது காரணம் கேட்டார்கள். அவர் காரணம் சொல்ல மறுத்து 1912 மேயில் விலகினார். ஓகஸ்ட் மாதத்தில் வேர்ஜினியா ஸ்டீபனை மணந்தார். பின்னர் வேர்ஜினியா வூல்ஃப் என்று உலகம் அறிந்த எழுத்தாளர் அவர்தாம். 1913இல் அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றிய வூல்ஃபின் நாவல் வெளிவந்தது. வேலையை விட்டதால் அவரும் பிழைத்தார், இலங்கைக்கும் ஒரு நல்ல நாவல் கிடைத்தது.

அதே சிவில் சேவையிலிருந்து 36 வருடங்களுக்குப் பின் விலகிய இன்னொருவர் நமக்கு நெருங்கியவர். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, இந்துக் கல்லூரியில் படித்து, 1935இல் இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ். யுத்த காலத்தில், 1942இல், கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போனார். உணவு உற்பத்தியைப் பெருக்குவதே அங்கே அவருக்கிருந்த பெரிய வேலை. கிழக்கின் முஸ்லிம் விவசாயிகளின் வறுமையையும் பிள்ளைகளின் கல்விக் குறையையும் அங்கே கண்ணால் கண்டார். 1945இல் முஸ்லிம் மாணவர்களுக்கான புலமைப்பரிசில் நிதியைத் தொடங்குவதில் முன்னின்றார். 1948இல் சிவில் சேவையை விட்டுக் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபர் கதிரையில் அமர்ந்தார்.

அந்தக் காலத்தில் சிவில் சேவை என்பது என்னவென்று இன்றைய வாசகருக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாவட்டத்தின் காணியும் வரியும் நிர்வாகமும் அந்த உத்தியோகத்தரின் பேனாவுக்குள் இருந்தன. சமூகத்தில் முதன்முதலாக அந்த இடத்துக்கு ஏறிய ஒருவர் 37ஆவது வயதில் இறங்கிவந்து பாடசாலை அதிபரானார். 1961 வரை அங்கிருந்தார். தமிழ் பேசும் பிள்ளைகள், முஸ்லிம்கள் மட்டுமன்றி, அவரது நிழலில் படித்துப் பல்கலைக்கழகம் போனார்கள். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிறாவில் படித்தவர், பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர்.

வூல்ஃப் தம் மனச்சாட்சிக்கும் தம் வாழ்வுக்கும் இடம் தேடிப் போனார். அஸீஸ் பிறருடைய பிள்ளைகளுக்கு இடம் தேடிப் போனார். இரண்டிலும் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் என் நிலையை இவர்களுடன் ஒப்பிடும்போது ஒன்று உறைக்கிறது. பாடசாலைக்காகப் பெரிய உத்தியோகத்தை விட்டவர் அஸீஸ். நானோ பாடசாலையை விட்டு ஒரு களஞ்சியசாலைக்குப் போக யோசிக்கிறேன்.

*

அஸீஸ் இன்னொரு முறையும் விலகினார். அப்போது அவர் செனற் சபை உறுப்பினர். சிங்களம் மட்டும் என்ற கொள்கையை ஏற்க முடியாமல் 1956இல் ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு வெளியேறினார். அந்த மொழிச் சட்டம்தான், 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம், ஆயிரக்கணக்கான தமிழ் பேசும் அரச ஊழியர்களை இருப்பதா போவதா என்ற கேள்விக்கு முன்னால் நிறுத்தியது.

சட்டம் முழுமையாக அமுலுக்கு வந்தது 1961இன் தொடக்கத்தில். சிங்களத்தில் வேலை செய்ய முடியாத பழைய ஊழியர்கள் ஓய்வூதியத்துடன் விலகலாம். இருப்பவர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். தவறினால் வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும். 1961 டிசம்பரில் திறைசேரி வெளியிட்ட 560ஆம் இலக்கச் சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது. ஆங்கிலம் படித்து, பரீட்சை எழுதி, போட்டியில் வென்று உத்தியோகத்துக்கு வந்தவர்கள் நடுவயதில் மறுபடி அரிச்சுவடியில் தொடங்க வேண்டியிருந்தது. பலர் விலகினார்கள். சிலர் லண்டனுக்கும், பின்னாளில் ஆபிரிக்க நாடுகளுக்கும் போனார்கள். சிலர் வாயை மூடிக்கொண்டு பரீட்சை எழுதினார்கள்.

செல்லையா கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் இந்த இரண்டையும் செய்யவில்லை. 1962இல் அவருக்கு வரவேண்டிய சம்பள ஏற்றம் சிங்களத் தேர்ச்சி இல்லை என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. தொகை பெரிதல்ல. அவர் வேலையை விடாமல் அரசாங்கத்துக்கு எதிராகக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். எந்தச் சமூகத்துக்கும் பாகுபாடு காட்டும் சட்டம் இயற்றக் கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்லியிருந்தது. மொழிச் சட்டம் அதை மீறுகிறது என்பது வாதம்.

1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. மொழிப் பிரச்சினைக்குள் அது போகவேயில்லை. அரச ஊழியர் ஒருவர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்று கதவைச் சாத்திவிட்டது. கோடீஸ்வரன் லண்டனிலிருந்த கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்தார். 1969 டிசம்பரில் கோமறைக் கழகம், ஊழியர் வழக்காடலாம் என்று தீர்ப்புச் சொல்லி, அரசியலமைப்பு வினாவைத் தீர்க்குமாறு வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அந்த வினாவுக்கு விடை கிடைக்கவேயில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இன் புதிய அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு காணாமற் போனது.

வென்றாரா தோற்றாரா என்று மாணவர்கள் கேட்டால் நான் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று ஏட்டில் இருக்கிறது, அதை யாரும் அழிக்க முடியாது என்று மட்டும் சொல்வேன். அவர் விலகியிருந்தால் அந்த ஏடு எழுதப்பட்டிராது. மகிழ்ச்சியற்ற வேலையில் இருப்பதற்கும் அடங்கிக் கிடப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதைக் கோடீஸ்வரனிடம்தான் படித்தேன்.

*

உத்தியோகக் கதவுகள் இறுகிய அந்த 1960களிலும் 70களிலும் வடக்கின் படித்த வாலிபர்கள் பலர் வன்னிக்கு வந்தார்கள். முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் காணி பெற்று மிளகாய் நட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் வன்னிக்கு மாற்றம் என்றால் உத்தியோகத்தர்களுக்குத் தண்டனை மாற்றம். காடு, மலேரியா, யானை. இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பாடசாலைகள் பல கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்ற பட்டியலில்தான் இருக்கின்றன. புதிதாக நியமனம் பெற்று வருகிறவர் முதல் மாதத்திலேயே போகும் நாளைக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

அந்த வன்னியில் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் எங்கள் முன்னோர் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கொடுக்கப்பட்ட அவகாசமும், கொண்டுபோக விட்ட பணமும் பொருளும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. வெளியேற்றம் ஒன்றாகவே இருந்தது. போனவர்களில் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் தபால்காரர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் விலகல் கடிதம் எழுதவில்லை. கடிதம் எழுதி விலகக் கிடைப்பதே ஒரு வசதி என்பது அந்த ஒக்ரோபருக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் அப்போது சின்னப் பிள்ளை. புத்தளத்து முகாமில் தென்னோலைக் கொட்டிலுக்குள் எங்களுக்கு வகுப்பு நடந்தது. ஊரில் படிப்பித்த மாஸ்டர் ஒருவர் முதல் நாள் ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு கிழித்தார். எங்கள் பெயர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். ஊரில் எந்த வகுப்பில் இருந்தோம், யார் யார் வேறு முகாமுக்குப் போய்விட்டார்கள் என்றெல்லாம் கேட்டார். பாடசாலையின் வரவு இடாப்பு ஊரில் கிடந்தது. அவருடைய சம்பளம் எப்போது, எங்கே வரும் என்று அவருக்கே தெரியாத நாள் அது. அவர் நினைத்திருந்தால் கொழும்புக்குப் போய்க் கடையொன்றில் கணக்கெழுதியிருக்கலாம். உறவினர்கள் அழைத்தார்கள் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். அந்தக் கொப்பியில் பெயர் எழுதப்பட்ட பிள்ளைகளில் பலர் இன்று ஆசிரியர்கள்.

*

நான் படிப்பிக்கப் போகும் பாதையில் முள்ளிவாய்க்கால் இருக்கிறது. ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல், நடுவில் மணலும் பனையும் முல்லைத்தீவு வீதியும். 2009இல் இந்த ஒடுங்கிய நிலத்தில் இருந்த அரசாங்க வைத்தியர்களின் கதைதான் என் கேள்வியை அதிகம் உலுக்கியது.

அதற்கு முன்னால் நடந்த ஒரு வெளியேற்றத்தையும் சொல்ல வேண்டும். 2008 செப்ரெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசு அறிவித்ததும், கிளிநொச்சியிலிருந்த ஐக்கிய நாடுகள் பணியாளர்கள் வெளியேறத் தயாரானார்கள். மக்கள் அவர்களுடைய அலுவலக வாசலில் திரண்டு போகவேண்டாம் என்று மன்றாடினார்கள். 16ஆம் திகதி வாகனங்கள் புறப்பட்டன. 2012 நவம்பரில் வெளிவந்த ஐ.நா.வின் உள்ளக ஆய்வறிக்கை, இலங்கையில் தன் கடமையில் அமைப்பு தவறியதை ஒப்புக்கொண்டது. சாட்சிகள் போய்விட்டால் என்ன நடக்கும் என்பதை வாசலில் நின்ற மக்கள் நான்கு வருடம் முன்பே அறிந்திருந்தார்கள்.

ஐ.நா. போன பிறகும் வன்னியில் இருந்தவர்கள் அரச ஊழியர்கள். வெளியூர் வாசகருக்கு இது விநோதமாகத் தோன்றலாம். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த காலம் முழுவதும் கச்சேரி, பாடசாலை, வைத்தியசாலை எல்லாம் அரசாங்கத்தினுடையவை. சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. அப்படிச் சம்பளம் பெற்றவர்கள்தாம் முல்லைத்தீவின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் துரைராஜா வரதராஜா, கிளிநொச்சியின் பணிப்பாளர் தங்கமுத்து சத்தியமூர்த்தி, வைத்தியர் சண்முகராஜா முதலானோர்.

2009 ஜனவரி முடிவிலும் பெப்ரவரி தொடக்கத்திலும் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது மீண்டும் மீண்டும் எறிகணைகள் விழுந்தன. பெப்ரவரி 4ஆம் திகதி நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் பெயர்ந்தார்கள். புதுமாத்தளனில் ஒரு பாடசாலை வைத்தியசாலையானது. பெப்ரவரி 10 முதல் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் கப்பல் வந்து காயக்காரரை ஏற்றிச் சென்றது. மே 9 வரை ஏறத்தாழ 14,000 பேர், காயக்காரரும் நோயாளரும் கூடப்போனவர்களுமாக, அவ்வழியே கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒவ்வொரு தடவையும் யாரை முதலில் ஏற்றுவது என்று தீர்மானித்துவிட்டு வைத்தியர்கள் கரையில் நின்றார்கள். மார்ச் மாதத்தில் வரதராஜாவும் சத்தியமூர்த்தியும் சுகாதார அமைச்சுக்குக் கடிதம் எழுதினார்கள். அத்தியாவசிய மருந்தும் அடிப்படை வசதியும் இருந்திருந்தால் வைத்தியசாலையில் நிகழ்ந்த மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம் என்பது அதன் பொருள். ஓர் ஊழியர் தன் அமைச்சுக்கு எழுதிய அலுவலகக் கடிதம்தான் அது. அந்த நிலத்தில் அப்படியொரு கடிதம் எழுதுவது எத்தனை ஆபத்தானது என்று சொல்லத் தேவையில்லை.

ஏப்ரலில் புதுமாத்தளன் இராணுவத்தின் கையில் விழுந்ததும் எஞ்சியவர்கள் முள்ளிவாய்க்காலுக்கு வந்தார்கள். மறுபடி ஒரு பாடசாலை, மறுபடி ஒரு வைத்தியசாலை. இரத்தம் இல்லாதபோது நோயாளியின் சொந்த இரத்தத்தையே துணியில் வடித்து அவருக்கே திருப்பி ஏற்றினார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அரசபடைகள் வைத்தியசாலைகள் மீது எறிகணை வீசியதையும், புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்பியோடியவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை கூறுகிறது. மே 12இல் முள்ளிவாய்க்கால் வைத்தியசாலை மீதும் எறிகணை விழுந்து பலர் இறந்தார்கள். ஓரிரு நாட்களில் வைத்தியசாலை இயங்க முடியாமற் போனது.

இந்த வைத்தியர்கள் செய்த இன்னொரு வேலை எண்ணுவது. இன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணித் தொலைபேசியில் வெளியே சொன்னார்கள். உள்ளே இருந்த மக்கள் 70,000 பேர் வரைதான் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. உணவும் மருந்தும் அந்தக் கணக்குக்கே அளந்து அனுப்பப்பட்டன. யுத்தம் முடிந்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 2,80,000க்கு மேல். யாருடைய கணக்குச் சரி என்பதைச் சரித்திரம் சொல்லிவிட்டது.

மே நடுப்பகுதியில் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்த வைத்தியர்கள் தடுத்துவைக்கப்பட்டார்கள். ஜூலை 8ஆம் திகதி ஐந்து வைத்தியர்கள் கொழும்பில் பத்திரிகையாளர் முன் கொண்டுவரப்பட்டு, தாங்கள் முன்பு சொன்ன எண்ணிக்கைகள் புலிகளின் நெருக்குதலால் கூட்டிச் சொல்லப்பட்டவை என்றார்கள். ஓகஸ்ட் மாதத்தில் பிணையில் விடுவிக்கப்பட்டார்கள். வரதராஜா பின்னர் அமெரிக்கா சென்றார். ஜூலை மாதத்துச் சொற்கள் சுயமாகச் சொல்லப்பட்டவையல்ல என்பதை அங்கிருந்து வெளிப்படுத்தினார். 2019இல் அந்த நாட்களைப் பற்றிய நூலொன்றும் வெளிவந்தது. சத்தியமூர்த்தி நாட்டிலேயே இருந்தார். அரச சுகாதார சேவையில் தொடர்ந்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளரானார்.

ஒரே கரையில், ஒரே மாதங்களில், ஒரே கூடாரத்துக்குள் வேலை செய்த இருவரில் ஒருவர் போனார், ஒருவர் இருந்தார். போனவர் போனதால்தான் உண்மையைப் பேச முடிந்தது. இருந்தவர் இருந்ததால்தான் வடக்கின் பெரிய வைத்தியசாலையை நடத்த முடிந்தது. இருப்பவன் வீரன், போகிறவன் கோழை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் நம் வாசகர்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2009 மேயில் நான் புத்தளத்தில் இருந்தேன். எங்களை விரட்டியவர்கள் விழுகிறார்கள் என்று முகாமில் சந்தோஷப்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த மனநிலை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் முள்ளிவாய்க்கால் வைத்தியசாலைத் தரையில் கிடந்தவர்கள் எங்களை விரட்டியவர்கள் அல்லர். எங்களோடு தண்ணீரூற்றுச் சந்தையில் காய்கறி வாங்கியவர்கள் அவர்கள். எங்கள் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் இன்று அவர்களுடைய பிள்ளைகளும் படிக்கிறார்கள். எங்கள் தரப்புக்கு ஒரு ஒக்ரோபர், அவர்கள் தரப்புக்கு ஒரு மே. இரண்டையும் ஒரே வகுப்பறையில் வைத்து வரலாறு சொல்ல ஒரு ஆசிரியர் வேண்டும்.

*

இவர்களையெல்லாம் பார்த்த பின் என் கேள்வியின் உருவம் மாறிவிட்டது. மகிழ்ச்சியாக இருக்கிறேனா என்று மட்டும் கேட்டால் எவருக்கும் விடை கிடையாது. மகிழ்ச்சி கல்முனையிலும் ஸாஹிறாவிலும் அஸீஸுக்கு ஒரே அளவாகவா இருந்திருக்கும்? இப்போது என்னிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நான் போனால் போகும் இடத்தில் யாருக்குப் பயன்? இருந்தால், இங்குள்ள அநியாயத்தோடு கோடீஸ்வரனைப்போல் வழக்காட என்னிடம் தெம்பு இருக்கிறதா, அல்லது வெறும் சம்பளத்துக்கு ஒப்பம் வைப்பவனாகிவிடுவேனா? நான் எழுதும் இடாப்பை எனக்குப் பின் யார் எழுதுவார்?

மூன்றாவது கேள்விக்குத்தான் எனக்குத் தெளிவான விடை தெரியும். சுற்றறிக்கை வந்த பிறகு எங்கள் பாடசாலையிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒருவருக்குக் கடன், மற்றவருக்கு நோயாளித் தாய். அவர்களுடைய இடம் பல மாதம் வெற்றிடமாகவே கிடந்தது. அந்த மாதங்களில் பிள்ளைகள் அந்தப் பாட நேரங்களில் வெளியே விளையாடினார்கள். அதிகஷ்டப் பிரதேசத்தில் ஒரு ஆசிரியர் எழும்பிப் போனால் வரிசையில் அடுத்தவர் நிற்பதில்லை. கொழும்பிலோ கண்டியிலோ இந்தக் கேள்விக்கு வேறு விடை இருக்கலாம். என் மச்சான் சொல்லும் களஞ்சியசாலைக்கோ நாளைக்கே பத்துப் பேர் கிடைப்பார்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை பாதிதான். வரவேண்டிய நிலுவைக்கும் கிடைக்காத இடமாற்றத்துக்கும் இப்போது வாயால் முறையிடுவதை விட்டுவிட்டேன். பதிவுத் தபாலில் எழுதி, பற்றுச்சீட்டைக் கோப்பில் வைக்கிறேன். எண்ணி எழுதி வைத்தது ஒரு நாள் பேசும் என்பதை மேலே சொன்னவர்கள் எல்லோரும் காட்டியிருக்கிறார்கள்.

இந்த வருடம் இருப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். சாகும்வரை இங்கேயே இருப்பேன் என்று யாருக்கும் சத்தியம் செய்யவில்லை. ஸகாத் கணக்கை நாம் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். போன வருடத்துக் கணக்கு இந்த வருடத்துக்கு உதவாது. உத்தியோகத்துக்கும் அப்படியொரு வருடக் கணக்கு வேண்டும் என்று நினைக்கிறேன். சாதாரண தர வகுப்பில் இப்போது 23 பிள்ளைகள். அவர்கள் பரீட்சை எழுதிய பிறகு மூன்று கேள்விகளையும் மறுபடி எடுப்பேன். அப்போது விடை மாறினால் மச்சானிடம் நானே பேசுவேன், போகும் காரணத்தையும் வகுப்பில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.